குதிரை ஏன் சாய்ந்து நிற்கிறது?

வீட்டில் இருக்கும் துடைப்பத்தை எடுத்து, கிட்டார் போல மார்போடு அணைத்துப் பிடியுங்கள். ரொம்ப யோசிக்கக் கூடாது. பிடித்த பாட்டு ஒன்றை மனசுக்குள் ஓடவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள். பாட்டு சூடுபிடித்ததும் அப்படியே சிலைபோல நின்று பாருங்கள். தாளம் போட்டுக்கொண்டிருந்தது எந்தக் கை?

என் அக்கா மகள் அப்படி நின்றபோது துடைப்பத்தின் பிடி வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. தாளம் போட்டது இடக்கை. அவளுக்குப் பதின்மூன்று வயது. எழுதுவது, பந்து எறிவது, கத்தரி பிடிப்பது எல்லாமே இடக்கையில்தான். சாப்பிடும் கை மட்டும் பாட்டியின் கண்டிப்பால் வலக்கையானது. உலகத்தில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். உங்கள் வகுப்பிலும் எண்ணிப் பாருங்கள், அநேகமாகச் சிலர் இருப்பார்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்க அவளுக்கு ஒரு கிட்டார் வேண்டும். தனியாக உட்கார்ந்தும் வாசிக்க வேண்டும், மேடையில் ஒயர் செருகி ஆம்ப் என்ற ஒலிபெருக்கியிலும் வாசிக்க வேண்டும். அந்த மாதிரி கிட்டாருக்கு அக்கூஸ்டிக்-எலக்ட்ரிக் என்று பெயர். நம் ஊர்க் கடைகளில் 'செமி அக்கூஸ்டிக்' என்று கேட்டால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். "மாப்ளே, பதினஞ்சாயிரத்தைத் தாண்டாம பாரு" என்று அவள் அப்பா சொல்லி அனுப்பினார். நானும் அவளும் கிளம்பினோம்.

கடைக்காரர் அன்பானவர். இடக்கைக்கு வேண்டும் என்றதும் சுவரில் மாட்டியிருந்த ஒன்றை இறக்கினார். "இடக்கைக்கின்னு தனியா வைக்கிறதில்ல சார். இதையே பாப்பா திருப்பிப் பிடிச்சுக்கட்டும். கம்பிய மட்டும் மேல கீழ மாத்திக் கட்டித் தர்றேன், வேலை முடிஞ்சுது."

"திருப்பினா சரியாயிடுமா மாமா?" என்றாள் அவள். எனக்குப் பதில் தெரியும். ஆனால் இந்த மாதிரி கேள்விக்குக் கையால் செய்து பார்ப்பதுதான் நல்ல பதில். "ரெண்டே ரெண்டு கம்பிய மாத்திக் கட்டிக் காட்ட முடியுமாண்ணே?" என்று கடைக்காரரைக் கேட்டேன். முகம் சுளிக்காமல் செய்தார். ஒரு ஓரத்தில் இருந்த தடித்த கம்பி இந்த ஓரத்துக்கு வந்தது, இந்த ஓரத்து மெல்லிய கம்பி அங்கே போனது.

முதல் சிக்கல் கண்ணுக்கே தெரிந்தது. கிட்டார்க் கழுத்தின் உச்சியில், கம்பிகள் படிந்து போகும் இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். அதற்கு நட் என்று பெயர். அதில் ஆறு வெட்டுகள், ஒவ்வொன்றும் அதனதன் கம்பிக்கு அளவெடுத்து அறுத்தவை. இப்போது மெல்லிய கம்பி அகலமான வெட்டுக்குள் தொளதொளவென்று கிடந்தது. மீட்டியதும் 'ட்ர்ர்ர்' என்று இரைந்தது. தடித்த கம்பியோ தனக்குக் கிடைத்த ஒடுங்கிய வெட்டுக்குள் இறங்கவே இல்லை, விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"நட்டை மாத்திடலாம் சார், அது சின்ன வேலை" என்றார் கடைக்காரர். அது உண்மைதான். நட் தனித்துண்டு, மலிவு, கழற்றி வேறு வைக்கலாம். ஆனால் அதோடு முடியவில்லை. முடியாததற்குக் காரணம் கிட்டாரின் மறுமுனையில் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன்னால், கம்பிகளுக்கு ஏன் இத்தனை தடிமன் வித்தியாசம் என்று பார்த்துவிடுவோம்.

கிட்டாரின் ஆறு கம்பிகளும் ஏறக்குறைய ஒரே நீளம், சுமார் 65 செ.மீ. ஆனால் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது, மெல்லியது சுமார் 330 முறை. நாலு மடங்கு வித்தியாசம். நீளம் ஒன்றாக இருக்கும்போது இது எப்படி?

இதற்கான கணக்கை 1636-இல் புத்தகமாக அச்சிட்டுக் கொடுத்தவர் மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். கண்ணால் எண்ணும் அளவுக்கு மெதுவாக ஆடுகிற மிக நீளமான கம்பிகளைக் கட்டி, அதிர்வுகளை எண்ணியே அவர் இதைக் கண்டார். கம்பி நீண்டால் ஒலி தாழும். இறுக்கினால் உயரும். கனத்தால் தாழும். இதில் கடைசி விதிதான் சுவாரசியமானது. அதிர்வு பாதியாகக் குறைய, கம்பியின் எடை இரண்டு மடங்கானால் போதாது, நாலு மடங்காக வேண்டும். அதிர்வு கால் பங்காகக் குறைய எடை 16 மடங்கு!

பென்சிலை எடுங்கள். கம்பி உருளை வடிவம் என்பதால் அதன் விட்டம் 4 மடங்கானால் எடை 16 மடங்காகும். 'லைட்' என்று விற்கும் சாதாரண கம்பி செட்டில் மெல்லியது 0.30 மி.மீ. அப்படியானால் தடித்தது 0.30 × 4 = 1.2 மி.மீ. இருக்க வேண்டும். பொட்டலத்தில் போட்டிருப்பது ஏறக்குறைய 1.35 மி.மீ.! முந்நூறு சொச்சம் ஆண்டுகளுக்கு முந்தைய விதி இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். அந்தச் சின்ன மிச்சத்துக்கும் காரணம் உண்டு. தடித்த கம்பியைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்குகிறோம். தவிர அது ஒரே கட்டிக் கம்பியும் இல்லை. உள்ளே மெல்லிய எஃகு, அதன்மேல் வெண்கல இழை நெருக்கமாகச் சுற்றியிருக்கும், சுற்றுகளுக்கு நடுவே துளித்துளி இடைவெளி உண்டு. முழுக் கட்டியாகச் செய்தால் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி போல விறைத்து நிற்கும், சரியாக அதிராது. கனமும் வேண்டும், வளையவும் வேண்டும். அதற்குத்தான் அந்தச் சுற்று.

சரி, இப்போது மறுமுனைக்கு வருவோம்.

வீணை பார்த்திருப்பீர்கள். தந்திகள் ஏறிப் போகிற மேடைக்கு அங்கே குதிரை என்று பெயர். கிட்டாரில் அதே வேலையைச் செய்யும் மெல்லிய வெள்ளைத் துண்டை சேடில் என்கிறார்கள். சேடில் என்றால் குதிரைமேல் போடும் சேணம். எங்கோ இருக்கும் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் கம்பியைத் தாங்கும் அந்தத் துண்டைப் பார்த்ததும் குதிரைதான் நினைவுக்கு வந்திருக்கிறது. நான் இங்கே குதிரை என்றே சொல்கிறேன்.

எஃகுக் கம்பி கட்டிய கிட்டாரின் குதிரையை மேலிருந்து உற்றுப் பாருங்கள். அது கம்பிகளுக்குக் குறுக்கே நேராக நிற்காது. லேசாகச் சாய்ந்திருக்கும். தடித்த கம்பியின் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, மெல்லிய கம்பியின் பக்கம் முன்னால் வந்து நிற்கும். செய்தவர் கை தவறிவிட்டதோ என்று தோன்றும். இல்லை, வேண்டுமென்றேதான் சாய்த்திருக்கிறார்கள்.

கழுத்தில் உலோகக் கோடுகள் இருக்கின்றனவே, வீணையில் மெட்டு என்போமே, அவைதான் ஃப்ரெட். கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தினால் அதிரும் நீளம் குறைகிறது, ஒலி உயர்கிறது. 12-ஆவது ஃப்ரெட்டில் நீளம் சரிபாதி, அதிர்வு சரியாக இரண்டு மடங்கு ஆக வேண்டும். ஆனால் விரலால் கீழே அழுத்தும்போது கம்பி ஒரு துளி இழுபடுகிறது. இழுபட்டால் இறுகும், இறுகினால் ஒலி கூடும் என்று மெர்சென் சொன்னாரே! அதனால் இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேலே போய்விடும், சுருதி பிசகும். இதைச் சரிக்கட்ட, கம்பிக்கு வால் பக்கம் ஒரு துளி நீளம் கூட்டிக் கொடுக்கிறார்கள். நீளம் கூடினால் ஒலி தாழும், கூடியதும் தாழ்ந்ததும் நேராகிவிடும். தடித்த கம்பிக்கு இந்தப் பிசகு அதிகம் என்பதால் அதற்கு நீளமும் அதிகம் வேண்டும். அதனால்தான் குதிரை அந்தப் பக்கம் பின்வாங்கிச் சாய்ந்து நிற்கிறது.

கிட்டாரைத் திருப்பிக் கம்பிகளை மாற்றிக் கட்டினால்? அதிக நீளம் வேண்டிய தடித்த கம்பி குட்டைப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். மெல்லியதற்குத் தேவையில்லாத நீளம் கிடைக்கும். கடையில் அதையும் கேட்டுப் பார்த்தோம். போனில் இருந்த டியூனர் செயலியை வைத்து இரண்டு கம்பிகளையும் திறந்த நிலையில் துல்லியமாகச் சுருதி சேர்த்தேன். அவள் 12-ஆவது ஃப்ரெட்டில் இரண்டையும் அழுத்தி ஒன்றாக மீட்டினாள். ஒலி நிலையாக நிற்கவில்லை. 'வ்வம்... வ்வம்... வ்வம்' என்று அலையலையாக ஏறி இறங்கியது. சரியாக நாலு மடங்காக நிற்க வேண்டிய இரண்டு அதிர்வுகள் கொஞ்சமே கொஞ்சம் பிசகினால் இப்படித்தான் துடிக்கும். தடித்தது மேலே போயிருந்தது, மெல்லியது கீழே இறங்கியிருந்தது.

"இது அழுவுற மாதிரி இருக்கு மாமா" என்றாள். கடைக்காரரும் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். "இத்தனை வருஷமா கவனிச்சதில்ல சார்" என்றார். அவர் அதை ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

குதிரையைக் கழற்றிச் சாய்வை மாற்ற முடியாதா? அது உட்காரும் பள்ளமே சாய்வாகத்தான் வெட்டியிருக்கிறது. பள்ளத்தைத் தூர்த்து மறுபடி வெட்ட வேண்டும். நல்ல கைத்தேர்ச்சி உள்ளவர் செய்வார், ஆனால் மலிவுக் கிட்டாருக்கு அந்தக் கூலி கட்டாது. தவிர, பெட்டிக்குள்ளேயும் இடம் வலம் உண்டு. ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 70 கிலோவுக்கும் மேல், வளர்ந்த ஆள் ஒருவர் தொங்குவது போல. மேல்பலகையின் தடிமனோ சுமார் 3 மி.மீ. அது பிய்ந்து வராமல் இருக்க உள்ளே மரச்சட்டங்களைப் பெருக்கல் குறி வடிவில் ஒட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மார்ட்டின் கிட்டார் பட்டறையில் 1840-களில் வந்த முறை அது. அந்தப் பெருக்கல் குறிக்குக் கீழே இருக்கும் சட்டங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போகும். போனின் கேமராவை ஒலித்துளைக்குள் விட்டுப் படம் எடுத்தால் நீங்களே பார்க்கலாம்.

செமி அக்கூஸ்டிக்கில் இன்னும் இரண்டு தொந்தரவு சேர்கிறது. உயரமான ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்டுவதற்காக உடம்பின் கீழ்த்தோளைக் குடைந்திருப்பார்கள். திருப்பினால் அந்தக் குடைவு மேலே போய்விடும், கைக்குப் பயன்படாது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் மேல் விளிம்பில் கண்ணுக்கு நேரே இருப்பவை, திருப்பியதும் தொடைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "அப்போ ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எப்படி வாசிச்சாரு?"

இவ்வளவு நல்ல கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஹெண்ட்ரிக்ஸ் 1960-களில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்த அமெரிக்கக் கலைஞர், இடக்கைக்காரர். வலக்கை கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டித்தான் வாசித்தார். ஆனால் அவர் கையில் இருந்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற முழு எலக்ட்ரிக் கிட்டார். அதில் ஆறு கம்பிக்கும் ஆறு குட்டிக் குதிரைகள். ஒவ்வொன்றையும் திருகாணியால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். அதனால் சாய்வை நாமே அமைத்துக்கொள்ள முடியும். உள்ளே அதிர்கிற பெட்டியும் இல்லை, கட்டிப் பலகைதான். அவர் செய்தது எலக்ட்ரிக்கில் சரிவரும். குதிரையைப் பள்ளத்தில் இறுக்கிய அக்கூஸ்டிக்கில் வராது.

இன்னொருவரைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். எலிசபெத் காட்டன். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1893-இல் பிறந்த கறுப்பினப் பெண், இடக்கைக்காரர். சிறு வயதிலேயே வீட்டுவேலைக்குப் போய், காசு சேர்த்து, 3 டாலர் 75 செண்டுக்குச் சொந்தமாகக் கிட்டார் வாங்கினார். அது வலக்கை கிட்டார். அவர் கம்பிகளைக்கூட மாற்றவில்லை! அப்படியே கவிழ்த்துப் பிடித்தார். தடித்த கம்பிகள் அடியில், மெல்லியவை மேலே. அதனால் எல்லாரும் கட்டைவிரலால் வாசிக்கும் தாழ்ந்த ஒலிகளை அவர் விரல்களால் வாசித்தார், விரல்களால் வாசிக்கும் மெட்டைக் கட்டைவிரலால் வாசித்தார். கம்பிகள் அவையவை இடத்திலேயே இருந்ததால் நட்டும் குதிரையும் பிசகவில்லை. கேட்டால் வேறு யாருடைய வாசிப்பும் போல இருக்காது. அந்தப் பாணிக்கே 'காட்டன் பிக்கிங்' என்று பெயர் வந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு கிராமி விருது கிடைத்தது.

ஆனால் காட்டனுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. அவர் முறையில் தொடங்கினால் எந்தப் புத்தகத்தில் உள்ள விரல் படமும் உங்களுக்குப் பொருந்தாது.

"இடக்கைக்காரங்களும் வலக்கையிலயே கத்துக்கலாமே, ரெண்டு கைக்கும்தானே வேலை இருக்கு" என்று பலர் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. கிட்டார் கலைஞர் மார்க் நாப்ஃப்ளர் இடக்கைக்காரர், வலக்கை கிட்டாரில்தான் பெரும் புகழ் பெற்றார். நீங்கள் ஏற்கெனவே வலப்பக்கமாக வாசித்துப் பழகி, கையும் சுகமாக இருந்தால் மாற்றவே வேண்டாம். கடைகளிலும் நண்பர்கள் வீட்டிலும் இருக்கும் எந்தக் கிட்டாரையும் எடுத்து வாசிக்கலாம், அது சின்ன வசதி அல்ல. ஆனால் புதிதாகத் தொடங்கும்போது துடைப்பத்தில் தாளம் போட்ட கை தானாகவே இடக்கையாக இருந்தால், அந்தக் கையின் பேச்சைக் கேளுங்கள் என்பதே என் கட்சி. அழுத்தும் கை தன் வேலையை மெதுவாகக் கற்றுக்கொள்ளும். தாளம் போடும் கைக்குள் தாளம் முன்பே இருக்க வேண்டும்.

இப்போது மின்சாரப் பகுதிக்கு வருவோம். இதற்கான கருவி உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டர்! அதில் பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. அழுத்தினால் 'டிக்' என்று பொறி பறக்கிறது. உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் ஒரு சிறு பீங்கான் துண்டை ஓங்கி அடிக்கிறது. அடிபட்ட துண்டு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு கணம் உண்டாக்குகிறது. சிலவகைப் படிகங்களை நசுக்கினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-இல் பாரிஸில் கண்டுபிடித்தவர்கள் பியர் கியூரியும் அவர் அண்ணன் ழாக் கியூரியும். பியருக்கு அப்போது ஏறக்குறைய 21 வயதுதான், பின்னாளில் மேரி கியூரியோடு சேர்ந்து ரேடியத்தைக் கண்டுபிடித்தவர் அவரேதான். குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களோடு கரும்புச் சர்க்கரையிலும்கூட இந்தக் குணம் இருப்பதை அண்ணனும் தம்பியும் காட்டினார்கள். இதற்கு பீசோ மின்சாரம் என்று பெயர்.

செமி அக்கூஸ்டிக் கிட்டாரில் குதிரைக்கு அடியில் ஒரு மெல்லிய பீசோ பட்டை படுத்திருக்கிறது. கம்பி அதிர்ந்தால் குதிரை அதைத் திரும்பத் திரும்ப நசுக்கும். 82 முறை அதிர்ந்தால் 82 முறை மின்சாரம் ஏறி இறங்கும். இந்த முறையை 1960-களின் இறுதியில் பரவலாக்கிய ஓவேஷன் கிட்டார் நிறுவனத்தைத் தொடங்கியவர் சார்லஸ் கேமன், ஹெலிகாப்டர் செய்த பொறியாளர். ஹெலிகாப்டரில் அதிர்வை அடக்குவது அவர் தொழில், கிட்டாரில் அதே அதிர்வை வளர்க்க வேண்டியிருந்தது.

பீசோ தரும் மின்சாரம் மிக நோஞ்சான். நீள ஒயரில் நேராக அனுப்பினால் வழியிலேயே மெலிந்து, ஆம்பில் தகர டப்பாவைத் தட்டுவது போலக் கேட்கும். அதனால் கிட்டாருக்குள்ளேயே ப்ரீஆம்ப் என்ற சிறு பெட்டி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. பெரும்பாலான கிட்டார்களில் ஒயரைச் செருகியதுமே அது உயிர்பெறும். வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்க மறந்தால் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் மேடையில் மைக்கை முன்னால் வைத்தால் போதாதா? பள்ளி விழாவில் மைக் 'ஊஊஊ' என்று அலறுவதைக் கேட்டிருப்பீர்கள். ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள்ளேயே திரும்பப் புகுந்து, மறுபடி பெருகி, மறுபடி புகுந்து சுற்றுவதால் வரும் அலறல் அது. பீசோ காற்றில் வரும் ஒலியைவிட மரத்தின் அதிர்வையே அதிகம் கவனிப்பதால் அந்தத் தொந்தரவு குறைவு.

எங்கள் பதினைந்தாயிரத்துக்குத் திரும்புகிறேன். இடக்கை கிட்டார்கள் குறைவாகவே செய்யப்படுகின்றன, கடைகள் வாங்கி வைப்பதும் இல்லை. பெரும்பாலும் சொல்லி வரவழைக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் தேடுவது எளிது. எல் அல்லது எல்எச் என்றால் இடக்கை, சி என்றால் தோளில் குடைவு, இ என்றால் எலக்ட்ரிக். ஐபனேஸின் ஏடபிள்யூ54எல்சிஇ என்ற பெயரில் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. ஃபெண்டரின் சிடி-60எஸ்சிஇ இடக்கைக்கும் வருகிறது. யமஹாவின் எஃப்ஜி820எல் இடக்கைதான், ஆனால் இ இல்லை, அதாவது மின்சாரம் கிடையாது.

காசு போதாதபோது எதை விட்டுக்கொடுப்பது? நான் அவளிடம் சொன்னது இது: கையை விட்டுக்கொடுக்காதே, குதிரையின் சாய்வை விட்டுக்கொடுக்காதே, மின்சாரத்தை விட்டுக்கொடு. பீசோவைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். குதிரையை அப்படி மாற்ற முடியாது. மேல்பலகை ஒரே மரப்பலகையா, ஒட்டுப்பலகையா என்பதைக்கூட நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். ஒற்றைப் பலகை நன்றாக ஒலிக்கும், சந்தேகமில்லை. ஒலித்துளையின் விளிம்பில் மரத்தின் கோடுகள் தொடர்ச்சியாக உள்ளே இறங்கினால் அது ஒற்றைப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஆனால் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஒட்டுப்பலகை அவ்வளவு சீக்கிரம் உப்பி வளையாது. அதில் குறைவாக நினைக்க ஒன்றும் இல்லை.

இன்னும் குறைவான பணம்தான் இருக்கிறதா? நைலான் கம்பி கட்டிய கிளாசிக்கல் கிட்டாரைப் பாருங்கள். அதில் குதிரை பெரும்பாலும் நேராகவே நிற்கும், உள்ளே சட்டங்களும் வழக்கமாக விசிறி போல இரு பக்கமும் ஒத்திருக்கும், தோளில் குடைவும் இருக்காது. நட்டை மாற்றிக் கம்பிகளை மாற்றிக் கட்டினால் ஏறக்குறைய முழு இடக்கை கிட்டாராகிவிடும். கடைக்காரர் சொன்ன யோசனை இந்த வகைக்குச் சரிதான்.

எந்தக் கிட்டாரானாலும் கடைக்குப் போகும்போது பள்ளி ஸ்கேலை எடுத்துப் போங்கள். 12-ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. நாலு இருந்தால் விரல் நோகும், அழுத்தும்போது கம்பி அதிகம் இழுபட்டுச் சுருதியும் பிசகும்.

மின்சாரம் இல்லாத இடக்கை அக்கூஸ்டிக் ஒன்றை அவள் தேர்ந்தெடுத்தாள். மூன்று வாரத்தில் பார்சல் வந்தது. பிரித்ததும் அவள் வாசிக்கவில்லை. கீழே படுக்கவைத்து, நட்டிலிருந்து குதிரைவரை டேப்பால் அளந்தாள். மெல்லிய கம்பி 65 செ.மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, தடித்தது அதைவிட 3 மி.மீ. கூட. "சரியான பக்கம் சாய்ஞ்சிருக்கு மாமா!"

ஆண்டு விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு பீசோ வட்டு வாங்கி வந்தோம். பத்து ரூபாய் நாணயம் அளவு பித்தளைத் தகடு, நடுவில் வெள்ளைப் பீங்கான் பூச்சு. கூடவே சின்ன ப்ரீஆம்ப் ஒன்று. மேல்பலகையில் எங்கே ஒட்டுவது? அதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. இருபக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டி ஒட்டி எடுத்துக் கேட்டோம். விளிம்பில் வைத்தால் ஒலி ஒல்லியாக வந்தது. ஒலித்துளைக்குப் பக்கத்தில் 'தொம்' என்று உப்பியது. குதிரை நிற்கும் கட்டைமேலேயே வைத்தபோது கூர்மையாகக் கீறியது. தடித்த கம்பியின் பக்கம், கட்டையிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காதில் கேட்ட அதே கிட்டார் ஆம்பிலும் கேட்டது. பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டாள்.

அப்போது அக்கா காப்பி போட அடுப்படிக்குப் போனாள். லைட்டரை அழுத்தினாள். யாரும் கிட்டாரைத் தொடவில்லை, ஆனாலும் ஆம்பில் 'டப்' என்று ஒரு சத்தம். அக்கா மறுபடி அழுத்தினாள், மறுபடி 'டப்'. மின்பொறி பறக்கும்போது வானொலி அலை போல ஒன்று அறையெங்கும் பாயும். காப்புறை எதுவும் போடாத எங்கள் பித்தளை வட்டும் அதன் ஒயரும் அந்த அலையைப் பிடித்துவிட்டிருந்தன.

"மாமா, அதுவும் பீசோ, இதுவும் பீசோ! ரெண்டும் பேசிக்குது!" என்று சொல்லிக்கொண்டே கிட்டாரை என் மடியில் வைத்துவிட்டு, லைட்டரை வாங்க அடுப்படிக்கு ஓடினாள்.